தோலுக்குப் பயந்த மாப்பிள்ளைக்கு

786

கல்முனைக்குடி,
14.06.1981

அன்பு மகன் சாலிஹுக்கு, உன் வாப்பா மீராசாஹிபு எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் உம்மாவும் தங்கச்சி நதீராவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகமாக இருக்கிறோம். உன் சுகத்தை இந்த முறை நான் விசாரிக்கப் போவதில்லை, ஏனென்றால் ஒவ்வொரு கடிதத்திலும் நீ "பூரண சுகம்" என்று எழுதி அனுப்பினாயே, அது என்ன மாதிரியான சுகம் என்று போன கிழமை வெள்ளிக்கிழமை எனக்குத் தெரிந்துவிட்டது. இனிமேல் அந்தச் சொல்லை எழுதுவதாக இருந்தால் பேனையைத் தொடுவதற்கு முன் ஒருமுறை வெட்கப்பட்டுக்கொள்.

உன் கடைசிக் கடிதத்தை நான்கு தரம் வாசித்தேன். முதல் கடிதத்தில் கம்பனி லீவு தரவில்லை என்றாய், நம்பினோம். இரண்டாவதில் பாஸ்போட் கந்தோரில் மாட்டிக்கொண்டது என்றாய், அதையும் நம்பினோம், உன் உம்மா அந்தப் பாஸ்போட்டுக்காக மூன்று நோன்பு நேர்ந்து பிடித்தாள். மூன்றாவதில், எனக்குக் கல்யாணமே வேண்டாம், அக்கரைப்பற்றில் ஹப்ஸாவுக்கு வேறு மாப்பிள்ளை பார்க்கச் சொல்லிவிடுங்கள், காரணம் கேட்க வேண்டாம் என்று இரண்டே வரியில் முடித்துவிட்டாய். இரண்டு வரி! என் துணிக்கடைக்கு ஒரு சாரம் வாங்க வருகிறவன்கூட அதைவிடக் கூடக் கதைத்துவிட்டுத்தான் வேண்டாமென்று எழும்பிப் போவான். அங்கே முகைதீன்பாவா தன் மகளுக்கும் உனக்குமென்று வீட்டைக் கட்டி, ஓடு போட்டு, நிலத்துக்குச் சீமெந்து பூசி, நீ வந்து இறங்குவதுதான் மிச்சம் என்று இருக்கிறார். நம் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பது. கட்டின வீட்டுக்கு மாப்பிள்ளை வரவில்லையென்றால் ஊர் வீட்டைக் குறை சொல்லாது, அந்தப் பிள்ளையைத்தான் குறை சொல்லும். இது நீ அறியாததா? உன் உம்மா, நீ அங்கே யாரோ ஒரு மிசிறு நாட்டுக்காரியைப் பிடித்துவிட்டாய் என்று அழுதாள். நதீரா, காக்கா அப்படிப்பட்ட ஆளில்லை, காக்காவுக்கு அந்தளவுக்குச் சாமர்த்தியமும் கிடையாது என்றாள். நான் நதீராவின் பக்கம் நின்றேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கடை திறக்கிற நேரம் அமிர்தலிங்கம் வந்தான், உன்னோடு அங்கே அரபு நாட்டில், தம்மாமில் ஒரே கேம்பில் இருக்கிற நம்ம கடற்கரைப் பக்கத்து அமிர்தலிங்கம்தான். நீ கொடுத்துவிட்ட பார்சலைத் தந்தான். உம்மாவுக்குச் சால்வை, நதீராவுக்குக் கைமணிக்கூடு, எனக்குச் சேட்டுத் துணி. துணிக்கடைக்காரனுக்குத் துணி அனுப்புகிற பிள்ளையின் மூளையைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை. அவனை வாங்கில் இருத்தி, பிளேன்டீ வரவழைத்துக் கொடுத்து, தம்பி, உண்மையைச் சொல்லு, அவனுக்கு அங்கே வேறு பொம்பிளை உண்டா என்று நேராகவே கேட்டேன். அவன் பதறிப்போய், "ஐயோ முதலாளி, அப்பிடி ஒண்டுமில்ல, சொல்ல மாட்டன் எண்டு என்னட்டச் சத்தியம் வாங்கித்தான் விட்டவர்" என்றான். சத்தியம் வாங்கினவன் அங்கே, பிளேன்டீ வாங்கிக் கொடுத்தவன் இங்கே, அதனால் இரண்டாவது மிடறில் எல்லாம் வெளியே வந்துவிட்டது. உன் கையும் காலும் வறண்டு செதில் செதிலாக வெடித்துக் கிடக்கிறதாம். நடந்தால் குதிக்காலில் இரத்தம் கசிகிறதாம். ஒவ்வொரு தொழுகைக்கும் முன்னால் நீ சவரப் பிளேட்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்ச் செதிலைச் சுரண்டுகிறாயாம், பிறகு உடுப்புக் கழுவுகிற தூளைப் போட்டு, வெயிலில் கொதித்துக்கிடக்கிற தாங்கித் தண்ணீரில் தேய்த்துக் கழுவுகிறாயாம். அமிர்தலிங்கம் ஒரு டின் களிம்பு வாங்கித் தந்ததற்கு, வேண்டாம், பூசினால் தொழ முன் கழுவுகிற வுழு கூடாது, செல்லாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டாயாம். உன் அறையில் யாரோ ஓதின மனிதர் ஒருவர் இருக்கிறாராம், அவர் சொன்னாராம், தோலில் எண்ணெய் இருந்தால் தண்ணீர் தோலில் படாது, வுழுவும் இல்லை தொழுகையும் இல்லை என்று. நீயும் ஓம் என்று தலையாட்டிவிட்டு பிளேட்டை எடுத்தாயாம். கடைசியாக அமிர்தலிங்கம் சொன்னதைக் கேட்டுத்தான் எனக்குத் தலை சுற்றியது. கல்யாணக் காவின் அன்றைக்கு மாமா என் கையைப் பிடித்துத்தான் பெண்ணைத் தருவார், இந்தக் கையை நான் எப்படி அந்தச் சபையில் நீட்டுவது, பிறகு அந்தப் பிள்ளையை எப்படித் தொடுவது என்று கேட்டு நீ அழுதாயாம்.

இதுதானா? இதற்குத்தானா கம்பனி, லீவு, பாஸ்போட் என்று மூன்று கடிதம்? ஒரு கல்யாணத்தை உடைக்கிறவன் உருப்படியான காரணமாவது வைத்திருக்க வேண்டாமா? ஏ.எல். படித்தாய், இங்கிலீசில் கடிதம் எழுதுவாய், அந்தப் பெரிய ஸ்டோரில் எந்த ஆணி எந்தப் பெட்டியில் இருக்கிறதென்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாய் என்று அமிர்தலிங்கம் பெருமைப்படுகிறான். உன் சொந்தத் தோல் எதனால் உரிகிறதென்று கேம்ப் டொக்டரிடம் ஒரு வார்த்தை கேட்க மட்டும் வாய் வரவில்லை. உடுப்புத் தூளால் உடம்பைக் கழுவுகிற புத்திசாலியை நான் இந்தக் கல்முனையில் இதுவரைக்கும் கண்டதில்லை, நம் வீட்டிலேயே ஒருவன் இருந்திருக்கிறான்.

அன்றைக்கே அஸர் தொழுதுவிட்டு நம்ம பள்ளி மௌலவியைப் பிடித்து இருத்திக் கேட்டேன். உன் அறை ஆலிமின் ஃபத்வாவைச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். உடம்பில் முளைத்த தோல் உடம்புதான், செதிலாக நின்றாலும் அது உடம்பின் கணக்குத்தான், அதைச் சுரண்டி எடுத்துவிட்டு வாருங்கள் என்று யாரும் கேட்கவில்லை என்றார். பூசிய எண்ணெய் தோலில் ஊறி வெறும் வழுவழுப்பு மட்டும் இருந்தால், அதன் மேல் தண்ணீர் ஓடினால் போதும், வுழு கூடும். மெழுகு மாதிரிக் கட்டியாக அப்பிக்கிடந்தால் மட்டும் அதைத் துடைத்துவிட்டு வுழுச் செய்யட்டும் என்றார். "இரத்தம் வரச் சொறண்டிப் போட்டுத் தொழ வாற புள்ளைக்கு, முதல்ல உடம்பு அல்லாஹ் காக்கச் சொல்லித் தந்த ஒரு அமானிதம் எண்டு சொல்லிக் குடுங்க காக்கா" என்றும் சொன்னார். இதை அப்படியே உன் அறை மனிதரிடம் வாசித்துக் காட்டு. அவர் கிதாபு கேட்டால் மௌலவி பெயரும் பக்கமும் எழுதி அனுப்பத் தயாராக இருக்கிறார்.

மறுநாள் டொக்டர் கனகரெத்தினத்திடம் போனேன். ஐம்பத்துநாலு வயதில் முதல் தடவையாக என் தோலை ஒரு டொக்டருக்குக் காட்டினேன், ஏனென்றால் உன் தோலைக் காட்ட நீ இங்கே இல்லை, என்னுடையதும் அதேதானே. பத்துப் பேரை வெளியே காக்க வைத்துவிட்டு மனிதர் ஆறுதலாகப் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார், அதற்கே எனக்குப் பாதி வருத்தம் மாறிக் கோபம் வந்துவிட்டது. ஆனால் ஆள் விஷயமுள்ளவர்தான், ஒத்துக்கொள்ள வேண்டும். என் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார், ரேகையெல்லாம் கத்தியால் கீறினமாதிரி ஆழமாக இருக்கிறதே, இது சின்ன வயதிலிருந்தா என்றார். ஓம் என்றேன். முழங்கால் மடிப்புக்குள்ளும் முழங்கை மடிப்புக்குள்ளும் இல்லை, முன்காலில்தான் அதிகம், வறண்ட கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் வெடிக்கும், மாரி மழைக்கு அடங்கும், சரியா என்று கேட்டார். நான் ஒன்றும் சொல்லாமலே அவர் என் காலைப் பற்றிச் சொல்லிக்கொண்டு போனார். பிறகு, பிள்ளைகள் யாருக்காவது இருக்கிறதா என்றார். மூத்தவனுக்கு என்றேன். அது உங்களிடமிருந்து போனதுதான் என்று சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தார். எனக்கு முகத்தில் அறைந்தமாதிரி இருந்தது, ஆனாலும் அது உண்மை.

அவர் விளங்கப்படுத்தினது இதுதான், கவனமாக வாசி. தோலுக்கு மேலே ஒரு மெல்லிய பசை இருக்குமாம், உள்ளே இருக்கிற ஈரத்தை வெளியே போகவிடாமல் பிடித்து வைப்பது அதுதானாம். நமக்கு அது பிறக்கும்போதே குறைவு. வரம்பு வெடித்த வயலில் தண்ணீர் நிற்காதே, அந்தக் கதைதான். இது தொழுநோயில்லை, சொறியில்லை, இரத்தக் கெடுதியில்லை, தொட்டால் இன்னொருவருக்கு ஒட்டாது. சுத்தமில்லாததால் வருவதும் இல்லை. சுடுதண்ணீரும் சவர்க்காரமும் இருக்கிற கொஞ்சப் பசையையும் கழுவிக்கொண்டு போய்விடும், பிளேட் போட்டால் தோல் பயந்து இன்னும் தடிப்பாக வளரும். அங்கே நீ இருக்கிற அறையில் இரவு பகலாக ஓடுகிற ஏசி காற்றில் உள்ள ஈரத்தையும் குடித்துவிடும். நம்ம கச்சான் நாலு மாதம்தான் வீசும், நீ காசு வாங்கிக்கொண்டு பன்னிரண்டு மாதமும் கச்சானுக்குள் இருக்கிறாய். இதை அடியோடு மாற்ற மருந்தில்லை, ஆனால் ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டால் ஒரு தொந்தரவுமில்லாமல் சீவிக்கலாம் என்றார். ஒவ்வொரு நாளும் என்பதை இரண்டு தரம் சொன்னார், மூன்று நாள் பூசிவிட்டு நாலாம் நாள் விடுகிற ஆட்களை அவர் நிறையக் கண்டிருப்பார்.

ஆகவே இனிமேல் நீ செய்ய வேண்டியது, முதலில் அந்தப் பிளேட்டையும் உடுப்புத் தூளையும் உடம்புப் பக்கம் கொண்டுவராதே. தாங்கித் தண்ணீரை வாளியில் பிடித்து வைத்து ஆறவிட்டுக் குளி, ஐந்து நிமிஷம் போதும், ஊறிக்கிடக்க நீ எருமையில்லை. சவர்க்காரம் கக்கத்துக்கும் மறைவிடத்துக்கும் பாதத்துக்கும் மட்டும், காலிலும் கையிலும் வெறும் தண்ணீர். துவாயால் தேய்க்காமல் ஒற்றி எடு, தோலில் ஈரம் கொஞ்சம் நிற்கும்போதே, மூன்று நிமிஷத்துக்குள், களிம்பைப் பூசு. காய்ந்தபிறகு பூசினால் வறட்சியை உள்ளே வைத்துப் பூட்டினமாதிரிதானாம். வாசனை போட்டது, கலர் போட்டது ஒன்றும் வாங்காதே, வெறும் வெள்ளைக் களிம்பு, அது கிடைக்காவிட்டால் தேங்காயெண்ணெய். வெடிப்பு ஆறும்வரை படுக்கப் போகும்போது காலில் தடிப்பாகப் பூசிப் பருத்திக் காலுறை போட்டுக்கொண்டு படு. ஸ்டோரில் சாமான் கழுவ, எண்ணெய்க் கறை துடைக்க ரப்பர் கையுறை போடு. வெடிப்புக்குள் சீழ் பிடித்தாலோ, சிவந்து சூடாகி வீங்கினாலோ கேம்ப் டொக்டரிடம் ஓடு, அப்போதும் எனக்கு "பூரண சுகம்" எழுதிக்கொண்டு இருக்காதே. டொக்டரிடம் நான் கேட்டேன், ஐந்து நேரமும் தண்ணீர் படுகிறதே, அது கூடாதா என்று. அவர், "அது நல்லது மீராசாஹிபு, ஐஞ்சு தரம் தண்ணி, ஐஞ்சு தரம் எண்ணெய், தொழுது முடிஞ்ச கையோட பூசட்டும், இப்பிடி நேரம் தவறாமல் பூசுற நோயாளி எனக்குக் கிடைக்கிறதே இல்லை" என்றார். பார்த்தாயா, வுழு கெட்டுவிடுமென்று நீ ஒதுக்கின எண்ணெய்க்கு வுழுவேதான் நேரம் குறித்துக் கொடுக்கிறது.

இன்னொன்றையும் எழுதினார், வெடிப்பு ஆறினபிறகு பூசுவதற்கு யூரியா போட்ட களிம்பு. யூரியாவா, வயலுக்கு எறிகிற யூரியாவா என்று கேட்டேன். சாமான் அதேதான், ஆனால் மருந்துக்கென்று சுத்தம் செய்தது, அது தோலுக்குள் ஈரத்தை இழுத்து வைத்துச் செதிலை இளக்கும் என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உரச் சாக்கை அவிழ்த்துப் பூசிப்போடாதீங்க, வெந்துபோகும், புண்ணில பட்டா இதுவே எரியும்" என்றார். நான் அப்படி ஒன்றும் நினைக்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன், நினைத்தேன் என்பது வேறு விஷயம். அதில் இரண்டு டின் அமிர்தலிங்கத்திடம் கொடுத்துவிடுகிறேன், அவன் லீவு முடிந்து வருகிற மாதம் கடைசியில்தான் திரும்புகிறான், அதுவரைக்கும் வெள்ளைக் களிம்பு போதும்.

இங்கே கச்சான் தொடங்கிவிட்டது. வளவெல்லாம் புழுதி, உன் உம்மா காலையில் கூட்டின வாசலைப் பகலில் பார்த்தால் கூட்டினமாதிரியே இருக்காது. இந்தக் கிழமை நோன்புக்கு முந்தின பராஅத் இரவு, ரொட்டிக்கு மா இடிக்கிறார்கள், கடையில் பெருநாள் துணி இறக்க வேண்டும். என் கதையையும் கொஞ்சம் கேள், நீ சிரித்தாலும் பரவாயில்லை. கச்சான் மாதங்களில் என் விரல் நுனியெல்லாம் அரம் மாதிரி ஆகிவிடும், நைலெக்ஸ் சாரியை விரித்துக் காட்டினால் நூலைப் பிடித்து இழுத்துவிடும். இப்படி இரண்டு சாரி வீணாகினபிறகு, அளவுகோலால் தூக்கி விரித்துக் காட்டப் பழகிக்கொண்டேன். பொம்பிளைகளின் கை தன் கையில் பட்டுவிடக்கூடாதென்று மீராசாஹிபு முதலாளி எவ்வளவு பேணுதலாக இருக்கிறார் பாருங்கள் என்று ஊரில் பெயர். பதினெட்டு வருஷமாக அந்தப் பெயரை நானும் வைத்துச் சாப்பிடுகிறேன். டொக்டர் சொன்னமாதிரி ஒரு கிழமையாகப் பூசுகிறேன், நேற்று ஒரு சாரியைக் கையாலேயே விரித்தேன், நூல் இழுபடவில்லை. பேணுதல் போய்விட்டதே என்று வாங்க வந்தவள் ஒரு மாதிரிப் பார்த்தாள்.

வியாழக்கிழமை பஸ் ஏறி அக்கரைப்பற்றுக்குப் போனேன். நீ யாருக்கும் சொல்லக்கூடாதென்று சத்தியம் வாங்கியது அமிர்தலிங்கத்திடம், என்னிடம் இல்லை. முகைதீன்பாவாவிடம் ஒன்றையும் மறைக்கவில்லை, உன் கையை, காலை, பிளேட்டை, நீ எழுதின பொய்களை, எல்லாவற்றையும் சொன்னேன். என் கையையும் விரித்துக் காட்டினேன். அவர் மனைவி ஜுனைதா உள்ளேயிருந்து, பிறக்கிற பிள்ளைகளுக்கும் வருமா என்று கேட்டாள். வரலாம், வராமலும் போகலாம், என் வீட்டில் மூத்தவனுக்கு வந்தது, இளையவளுக்கு வரவில்லை என்று உள்ளதைச் சொன்னேன். யூரியாக் கதையையும் சொன்னபிறகுதான் முகைதீன்பாவா வாய்விட்டுச் சிரித்தார், "இதுக்குத்தானா மச்சான் இந்தக் கூத்து? நம்மட உர ஸ்டோர்ல யூரியா அந்தர் கணக்கில கிடக்கு, மருமகனுக்கு ரெண்டு மூட்ட அனுப்பவா?" என்றார். நானும் சிரித்தேன். அந்த நேரம் கதவுச் சீலைக்குப் பின்னால் ஹப்ஸா உம்மாவிடம் என்னமோ மெல்லச் சொன்னது கேட்டது. ஜுனைதா சீலையை விலக்காமல், "மகள் கேக்கிறா, அவருக்கு எரியுமா எண்டு" என்றாள்.

மகன், தேத்தண்ணி சுடுகிறதென்று கோப்பையைக் கீழே வைத்தேன், அது எப்போதோ ஆறிக்கிடந்தது. டொக்டர் கேட்டது எப்போதிருந்து என்று, மௌலவி கேட்டது எந்தக் கிதாபில் என்று, உன் உம்மா கேட்டது யாரவள் என்று, நான் கேட்டது உனக்கு மூளையில்லையா என்று. எரியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. இன்னும் உன்னைக் கண்ணால் காணாத பிள்ளை, நீ வேண்டாமென்று இரண்டு வரியில் தள்ளிவிட்ட பிள்ளை, அதைத்தான் முதலில் கேட்டாள். முகைதீன்பாவா என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்டது அவள், பதில் சொல்ல வேண்டியவர் மருமகன், அந்தப் பதில் வரட்டும் மச்சான், பிறகு நாள் குறிப்பம் என்றார். அதனால் நாள் இப்போது அவர் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை, நீ எழுதப்போகிற கடிதத்தில் இருக்கிறது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒரு விஷயம் என்னை விடவே இல்லை, அதையும் எழுதித்தான் ஆகவேண்டும். உன் அறை மனிதரை மேலே நன்றாகத் திட்டி எழுதிவிட்டேன், அதை அழிக்கப்போவதில்லை, ஆனால் அவர் சொன்னதை நீ ஏன் அவ்வளவு சுறுக்காக நம்பினாய் என்று எனக்குத் தெரியும். அதை உனக்கு முதலில் சொன்னவன் நான். நம் கிணற்றடியில் வெள்ளிக்கிழமை காலையில் உன்னைக் கல்லில் நிறுத்தி, தேங்காய் நார்ப் பொச்சும் கட்டிச் சவர்க்காரமும் போட்டு உன் காலைத் தேய்த்தது யார்? "வாப்பா எரியுது, எரியுது" என்று நீ கத்தக் கத்த, "ஊத்த போனா எரியாது, இந்த ஊத்தையோட பள்ளிக்குப் போனா தொழுக கூடாது" என்று சொன்னது யார்? உனக்கு ஏழு வயது, எட்டு வயது இருக்கும். உன் உம்மா வந்து என் கையைப் பிடித்தால் அவளையும் ஏசி அனுப்புவேன். அது ஊத்தை இல்லையென்று எனக்குத் தெரியாதா? என் காலிலும் அதேதானே இருந்தது. என்னுடையதைச் சாரத்துக்குள் மறைக்க முடிந்தது, நீ காற்சட்டை போட்ட பிள்ளை, உன்னுடையதை ஊரே பார்த்தது, பார்க்கிறவன் எல்லாம் என் காலைப் பார்க்கிறமாதிரி எனக்கு வெட்கமாக இருந்தது. என் தோலைத்தான் நான் உன்மேல் வைத்துத் தேய்த்தேன். உன்னைக் கோழை என்று திட்டத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன், அந்தச் சொல்லுக்கு உரிய ஆள் இந்த வீட்டில் உனக்கு முந்தியே ஒருவன் இருக்கிறான்.

இவ்வளவுக்கும் எனக்கு அது தெரியாமலிருக்க நியாயமே இல்லை. என் காவின் அன்றைக்கு நானும் உன் மாதிரித்தான், காலையில் சுடுதண்ணீரில் கையை ஊறவைத்து, எலுமிச்சங்காய் போட்டுத் தேய்த்து, கை வெடித்து இரத்தம் வந்து, போத்தல் வெட்டிவிட்டது என்று லேஞ்சித் துணியைச் சுற்றிக்கொண்டு சபையில் போய் இருந்தேன். உன் மூத்தாப்பா, உம்மாவின் வாப்பா, கையைப் பிடிக்க வந்தவர் லேஞ்சியைப் பார்த்தார். மெல்ல அவிழ்த்தார், உள்ளங்கையைப் பார்த்தார், போத்தல் எங்கே என்று கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தவனுக்கும் கேட்காத குரலில், "மருமகன், என்ட மகள உங்கட கையிலதான் தாறன், துணியில இல்ல" என்றார். பிறகு இறுக்கிப் பிடித்தார். உன் உம்மா இந்த இருபத்தெட்டு வருஷத்தில் அந்தக் கையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்கு அப்படிக் கிடைத்ததை நான் உனக்குச் சொல்லித் தரவில்லை, பொச்சைத்தான் எடுத்துக்கொண்டு வந்தேன். அது என் பிழை. நீ என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

உன் உம்மா சலாம் சொல்கிறாள், அமிர்தலிங்கத்திடம் கொடுக்கிற பார்சலுக்குள் தேங்காயெண்ணெய்ப் போத்தல் வைக்கிறேன் என்று நிற்கிறாள், வழியில் உடைந்தால் மற்றச் சாமானெல்லாம் நாறும் என்று நான் மறுத்ததற்கு என்னோடு இரண்டு நாளாகக் கதையில்லை. நதீரா, காக்கா வரும்போது தனக்கு நல்ல காலுறை நாலு சோடி கொண்டுவரச் சொல்கிறாள், உனக்கு வாங்கும்போது ஞாபகம் வருமாம். அல்லாஹ் உனக்குச் சுகத்தையும் ஆபியத்தையும் தரட்டும், உன் நாட்டத்தை லேசாக்கட்டும், ஐந்து நேரமும் அவன் தந்த உடம்போடு அவன் முன்னால் நிற்கிற மனதைத் தரட்டும். மறக்காமல் செய்ய வேண்டியது, ஈரம் காய முன் பூசுவது, ஒவ்வொரு நாளும் பூசுவது, இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே அக்கரைப்பற்றுக்கு ஒரு கடிதம் எழுதுவது. அதில் கம்பனியைப் பற்றியும் லீவைப் பற்றியும் எழுதாதே, அந்தப் பிள்ளை கேட்டதற்கு மட்டும் உள்ளபடி பதில் எழுது. எனக்கு நீ அதை எழுதத் தேவையில்லை மகன். எனக்கும் எரியும்.

இப்படிக்கு,
உன் வாப்பா,
மீ. மீராசாஹிபு